73 மைல் என்ற பொய்

சக்கரங்கள் தரையைத் தொட மறுத்தன. ஓடுதளத்தின் தொடக்கம் பின்னால் போயிற்று, பாதித் தூரமும் போயிற்று; ஸ்பிட்ஃபயர் இன்னும் புல்லுக்கு ஒரு முழம் மேலே மிதந்துகொண்டிருந்தது. த்ராட்டிலை முழுக்க இழுத்து மூடியிருந்தேன். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப்புகள் இறங்கியிருந்தன. விமானிகளுக்கான கையேடு சொன்னபடி மணிக்கு 85 மைல் வேகத்தில்தான் வந்தேன். ஆனாலும் காற்றை விட்டு இறங்க அதற்கு மனம் வரவில்லை. தளத்தின் எல்லையில் நின்ற வேலி கணினித் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது.

மறுநாளும் அதே கதை. அசல் விமானம் இப்படி மிதந்திருக்க முடியாது. 1940 கோடையில் இங்கிலாந்தின் புல்வெளித் தளங்களில், மீசை முளைத்து நாலைந்து வருடமே ஆன இளைஞர்கள் இதை ஒரே நாளில் பல தடவை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் நான் செய்த மாதிரியில் ஏதோ ஒன்று பொய். அந்தப் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் போனதில்தான், ஒரு பழைய போர்விமானத்தைக் கணினிக்குள் மறுபடி கட்டுவது என்றால் என்ன என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது.

நான் பயன்படுத்துவது ஃப்ளைட்கியர் என்னும் சிமுலேட்டர். 1997இலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவரும் கட்டற்ற மென்பொருள். இதில் ஒரு விமானம் என்பது ஒரு கட்டுக் கோப்புகள்: வடிவத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, கருவிப் பலகைக்குச் சில, பறக்கும் இயல்புக்கு ஒன்று. எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். பிரிட்டிஷ் போர்விமானங்கள் இங்கே நிறைய உண்டு. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், சீ ஹாக், ஹண்டர், லைட்னிங், வல்கன், ஹாரியர் என்று ஆர்வலர்கள் உழைத்துச் செய்தவை. பழைய மாதிரி ஒன்றை மேம்படுத்தப் போகிறேன் என்றால் கேட்பவர்கள் உடனே தோற்றத்தைத்தான் நினைக்கிறார்கள். இன்னும் பளபளப்பான உலோகம், இன்னும் நுணுக்கமான ஆணித்தலை. அதுவும் வேண்டியதுதான். ஆனால் எனக்கு மேம்பாடு என்பது வேறு. அசல் விமானம் எங்கே முரண்டு பிடித்ததோ அங்கே மாதிரியும் முரண்டு பிடிக்க வேண்டும். அதுவும் அதே காரணத்தால் பிடிக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் நடக்கும் கணக்கு பார்க்க எளியது. விநாடிக்கு 120 தடவை கணினி ஆறு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது. காற்று இந்த விமானத்தை மேலே எவ்வளவு தூக்குகிறது, பின்னால் எவ்வளவு இழுக்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது. மூக்கை ஏற்றி இறக்கும் முறுக்கு எவ்வளவு, இறக்கையைச் சாய்க்கும் முறுக்கு எவ்வளவு, தலையை இட வலமாகத் திருப்பும் முறுக்கு எவ்வளவு. விசைகளை நிறையாலும், முறுக்குகளை நிலைமத் திருப்புத்திறனாலும் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து இடம். நியூட்டனுக்கு அப்பால் இதில் எதுவும் இல்லை. சிக்கலெல்லாம் அந்த ஆறு விடைகளை எங்கிருந்து பெறுவது என்பதில்தான்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஜேஎஸ்பிசிம் என்னும் கணிப்பு முறையில், இந்தக் கோணத்தில் இவ்வளவு தூக்குவிசை, இந்த வேகத்தில் இவ்வளவு இழுவிசை என்று அட்டவணைகளை நாமே எழுதிக்கொடுக்க வேண்டும். யாசிம் என்னும் இன்னொன்றுக்கு இறக்கையின் நீளம், அகலம், எடை, எஞ்சின் போன்றவற்றைச் சொன்னால் போதும். கூடவே இரண்டு உண்மைகளைக் கேட்கும்: சாதாரணமாகப் பறக்கும் வேகம் என்ன, இறங்கும்போது வேகமும் கோணமும் என்ன? இந்த இரண்டுக்கும் பொருந்தும்படி இறக்கையின் குணங்களைத் தானே தீர்த்துக்கொள்ளும். நான் முதலில் எடுத்தது இந்த இரண்டாவது வழி. நாம் சொல்வதை அது அப்படியே நம்பும். நான் ஊட்டிய எண்ணில்தான் கோளாறு இருந்தது.

ஸ்பிட்ஃபயரின் இரண்டாம் வகையான மார்க் 2க்கு விமான அமைச்சகம் வெளியிட்ட கையேட்டில் ஸ்டால் வேகம் தெளிவாக இருக்கிறது. சக்கரமும் ஃப்ளாப்பும் மேலே இருந்தால் 73 மைல். இரண்டையும் இறக்கினால் 64 மைல். ஸ்டால் என்றால் இறக்கை காற்றைப் பற்ற முடியாமல் கைவிடும் நிலை. அதற்குக் கீழே பறக்க முடியாது. அரசாங்கம் அச்சிட்ட எண்; சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

கணக்கு இதுதான். விமானத்தின் எடை 6,250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,835 கிலோ. இறக்கையின் பரப்பு 22.5 சதுர மீட்டர். ஆக ஒவ்வொரு சதுர மீட்டரும் 126 கிலோவைச் சுமக்க வேண்டும். மணிக்கு 73 மைலில் எதிர்ப்படும் காற்றுக்குக் கடல்மட்டத்தில் சதுர மீட்டருக்கு 66 கிலோ அளவுக்குத்தான் வேக அழுத்தம் உண்டு. 126ஐ 66ஆல் வகுத்தால் 1.9. இந்த விகிதத்துக்குத் தூக்குவிசைக் கெழு என்று பெயர். ஒரு இறக்கை தனக்குக் கிடைக்கும் காற்றை எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகிறது என்பதன் அளவு அது.

ஃப்ளாப் இறக்காத ஸ்பிட்ஃபயர் இறக்கையால் 1.9ஐ எட்டவே முடியாது. அதன் குறுக்குவெட்டு மெல்லியது; உடலோடு சேரும் இடத்தில் தடிமன் அகலத்தில் 13 சதவீதம், நுனிக்குப் போகப் போக இன்னும் குறைவு. அப்படிப்பட்ட இறக்கைக்கு 1.2லிருந்து 1.4 வரை என்பதே நியாயமான உச்சம். அந்த எண்ணை வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால் ஸ்டால் வேகம் 85 மைலைத் தாண்டிவிடுகிறது. கையேடு ஏன் 73 என்கிறது?

கையேடு விமானத்தின் வேகத்தைச் சொல்லவில்லை. வேகமானியின் முள் காட்டும் எண்ணைச் சொல்கிறது. விமானிக்குத் தேவையும் அதுதானே. அவர் கண்முன் இருப்பது முள். வேகமானி எதிர்க்காற்றின் மொத்த அழுத்தத்தையும் சுற்றியிருக்கும் காற்றின் இயல்பான அழுத்தத்தையும் ஒப்பிட்டு வேகத்தைக் காட்டுகிறது. ஸ்பிட்ஃபயரில் இந்த அழுத்தங்களைப் பிடிக்கும் குழல் இடது இறக்கைக்குக் கீழே தொங்குகிறது. மெதுவாகப் பறக்கும்போது மூக்கு நிமிர்ந்து இறக்கை காற்றைக் கீழே அழுத்தும். அப்போது இறக்கைக்குக் கீழே அழுத்தம் இயல்பைவிட அதிகம். குழல் அந்த உயர்ந்த அழுத்தத்தை இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். காற்றும் அதற்குள் நேராக நுழையாமல் சாய்வாக நுழையும். இரண்டும் சேர்ந்து முள்ளைத் தாழ்த்துகின்றன. விமானம் 85க்கு மேல் போய்க்கொண்டிருக்கும், முள் 73 காட்டும்.

நான் முள்ளின் பிழையை இறக்கையின் திறமையாக எழுதிவிட்டேன். அதனால் உலகில் இல்லாத ஓர் இறக்கை முளைத்தது, அது தரையிறங்க மறுத்தது. இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. வளைந்து திரும்பும் வட்டத்தின் அளவும் இதே கெழுவைத்தான் நம்பியிருக்கிறது. கெழு 1.3ஆக இருக்கவேண்டிய இடத்தில் 1.9 இருந்தால் விமானம் மூன்றில் ஒரு பங்கு சிறிய வட்டத்தில் திரும்பிவிடும். எதிரில் வரும் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐ எந்தக் கற்றுக்குட்டியும் முதுகுப்புறம் சுற்றிவந்து பிடிக்கலாம். 1940இல் உயிரைப் பணயம் வைத்துத் திரும்பியவர்கள் யாருக்கும் கிடைக்காத வசதி அது. ஒரு குழலின் பிழை ஒரு போரின் கதையையே மாற்றி எழுதிவிடுகிறது.

திருத்தம் செய்ய இரண்டே இடங்கள்தான். இறக்கைக்கு உண்மையான கெழு. வேகமானிக்குத் தனியாக ஒரு பிழை அட்டவணை. இறக்கை காற்றைச் சந்திக்கும் தாக்குக் கோணம் கூடினால் முள் குறைத்துக் காட்ட வேண்டும். கோணம் குறைந்து வேகம் ஏறினால் பிழை சுருங்க வேண்டும். மாதிரி அப்போதும் முள்ளில் 73 வரும்போதுதான் ஸ்டால் ஆகும். எண் மாறவில்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது மாறிவிட்டது.

இதற்குப் பிறகு எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எதன் எண் என்று கேட்காமல் என்னால் தாண்ட முடியவில்லை. மறுபடி தொடங்கினேன். இம்முறை அட்டவணை வழி. எஞ்சினிலிருந்து தொடங்கினேன்.

பிரிட்டிஷ் விமானங்களில் எஞ்சினின் உள்ளழுத்தத்தைப் பூஸ்ட் என்பார்கள். கடல்மட்டக் காற்றழுத்தத்தைச் சுழி என்று வைத்து, அதற்கு மேல் எத்தனை பவுண்டு என்று கணக்கு. அமெரிக்கர்கள் அதையே பாதரச அங்குலத்தில் முழு அழுத்தமாகச் சொல்வார்கள். பிரிட்டிஷாரின் 6¼ பவுண்டு அவர்களுடைய 42 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அலகை மாற்றுவது பெரிய வேலையில்லை. அந்த அலகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கருவிதான் முக்கியம். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் என்னும் விசிறி காற்றை அடைத்து உள்ளே திணிக்கிறது. அதன் பலம் அதிக உயரத்துக்காக அளவெடுத்தது. கடல்மட்டத்தில் அதை முழுக்கத் திறந்துவிட்டால் எஞ்சினே சிதறிப்போகும். அதனால் தானியங்கிப் பூஸ்ட் கட்டுப்பாடு ஒன்று நடுவில் நின்று, விமானி த்ராட்டிலை எவ்வளவு தள்ளினாலும் வால்வைப் பாதி மூடியே வைத்திருக்கும். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், அதற்கேற்ப வால்வு திறக்கும்.

இதன் விளைவு புதிதாகக் கேட்பவரை வியக்கவைக்கும். மார்க் 1இல் இருந்த மெர்லின் 3, தரையிலிருந்து எழும்போது தந்தது 880 குதிரைத்திறன். 16,250 அடி உயரத்தில் 1,030. சின்னப் பயண விமானத்தின் எஞ்சின் மேலே போகப்போகச் சோர்ந்துவிடும். இது மூன்று மைல் உயரத்தில்தான் முழுத்தெம்போடு இருக்கும். மூடிய வால்வின் வழியே காற்றை இழுத்து வீணாகும் உழைப்பு அங்கே இல்லை, காற்றும் குளிர்ந்திருக்கிறது. ஜேஎஸ்பிசிமின் எஞ்சின் கோப்பில் இந்த பிரிட்டிஷ் முறைக்கென்றே வரிகள் இருக்கின்றன: நிர்ணயித்த பூஸ்ட், நிர்ணயித்த உயரம், அந்த உயரத்தில் திறன். அவற்றை நிரப்பினேன். என் எஞ்சினும் உயரத்தில் விழித்துக்கொண்டது.

ஆனால் வேகம் பொருந்தவில்லை. உற்பத்தியில் முதலாவதாக வந்த கே9787 என்ற ஸ்பிட்ஃபயரைச் சோதித்தபோது அதிகபட்சம் 362 மைல் கிடைத்தது, 18,500 அடியில். என் மாதிரியின் உச்சம் 16,000 அடியை ஒட்டி வந்தது. எஞ்சினின் உச்சம் 16,250 அடி என்றால் விமானத்தின் உச்சம் ஏன் அதற்கு 2,000 அடிக்கு மேல்? இழுவிசையைக் கொஞ்சம் அசைத்து எண்ணைப் பொருத்திவிடலாமே என்ற சபலம் வந்தது. பொருத்தியிருந்தால் இன்னொரு முள் பிழை ஆகியிருக்கும். விடை எளிது. 16,250 என்பது எஞ்சினை நிலையாக நிறுத்தி அளந்த உயரம். பறக்கும் விமானத்தின் காற்றுவாயில் 362 மைல் வேகத்தில் வரும் காற்று தானாகவே மோதி அடைபடுகிறது. அந்த மோதல் அழுத்தம் சூப்பர்சார்ஜருக்குக் கூலியில்லாத உதவி. அதைச் சேர்த்ததும் உச்சம் மேலே நகர்ந்தது. நான் தொட்டது ஒரு வாயை மட்டும்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கார்புரேட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

மெர்லினின் கார்புரேட்டரில் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. நம் வீட்டு மாடித் தொட்டியில் மிதக்கும் பந்து நீர்வரத்தை நிறுத்துவது போல, அதிலும் மிதவை உயர்ந்து பெட்ரோல் வரும் ஊசி வால்வை மூடும். விமானம் நேராக இருக்கும் வரை குறையில்லை. விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளும்போது உள்ளே இருப்பதெல்லாம் கூரையை நோக்கிப் பாயும். விமானியின் உடலே பட்டையில் தொங்கும். தொட்டிப் பெட்ரோலும் மேலே ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சு துளைகள் அடியில் இருக்கின்றன; பெட்ரோல் கிடைக்காமல் எஞ்சின் ஒரு விக்கல் விக்கும். அதோடு முடிவதில்லை. பெட்ரோல் மேலே போனதால் மிதவை கீழே போகும், வால்வு அகலத் திறக்கும், பம்ப் முழுவேகத்தில் திணிக்கும். இப்போது பெட்ரோல் வெள்ளம். கலவை அளவுக்கு மீறிச் செறிந்து எஞ்சின் கரும்புகையோடு மூச்சுத் திணறும். முதல் விக்கலைவிட இந்த இரண்டாவது திணறல் பெரிய ஆபத்து.

மெஸ்ஸர்ஷ்மிட்டின் டெய்ம்லர்-பென்ஸ் எஞ்சினில் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை இருந்தது. ஜெர்மானியர் மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்து தப்புவார். பின்னால் வரும் ஸ்பிட்ஃபயர் அதேபோலக் கவிழ்த்தால் எஞ்சின் நின்றுவிடும். அதனால் முதலில் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, பிறகு இழுத்துப் பாய வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் இரை போய்விடும்.

ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் விமான ஆய்வு நிறுவனத்தில் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோக வட்டு. பெட்ரோல் குழாயில் அதை வைத்தால், எஞ்சின் முழுத்திறனில் கேட்கும் அளவுக்குமேல் ஒரு துளியும் போகாது. வெள்ளம் நின்றது. முதல் விக்கல் மட்டும் மிஞ்சியது. 1941இல் இந்த வட்டுகள் தளம் தளமாகப் போய்ச் சேர்ந்தன. விமானத்தைப் பணியிலிருந்து எடுக்காமலே பொருத்திவிட முடிந்தது. ஒரு ரூபாய் நாணயம் போன்ற ஒன்று எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

சிமுலேட்டரில் இதைச் செய்ய ஒரு குறுக்குவழி இருக்கிறது. மேல்நோக்கிய விசை வந்தால் எஞ்சினை நிறுத்து என்று ஒரு வரி. பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் அந்த வரியோடுதான் தொடங்கினேன். அதை அழித்துவிட்டுத் தொட்டியைக் கட்டினேன். தொட்டியில் எவ்வளவு பெட்ரோல், அது கூரையிலா தரையிலா, வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, குழாயில் அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்று நான்கு எண்கள். மூக்கைத் தள்ளினால் முதலில் விக்கல். தள்ளியபடியே வைத்திருந்தால் கரும்புகை. மெதுவாகத் தள்ளினால் ஒன்றுமில்லை. இவை எதையும் நான் தனித்தனியாக எழுதவில்லை, தொட்டியே செய்தது. பிறகு நான்காவது எண்ணைக் குறைத்தேன். கரும்புகை வரவில்லை. ஷில்லிங்கின் வட்டு என் மாதிரிக்குள் போய்ப் பொருந்திவிட்டது. அந்தக் குறுக்குவழி வரியில் அந்த வட்டைப் பொருத்த இடமே கிடையாது.

விமானியின் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பிடியின் கதை வேறு மாதிரி. இங்கே இயற்பியல் கணினிக்குள் இல்லை, நம் மேசைமேல் இருக்கிறது. கடையில் வாங்கும் ஜாய்ஸ்டிக் எந்த வேகத்திலும் ஒரே இலகுவில் அசையும். ஸ்பிட்ஃபயரின் பிடி அப்படியில்லை. முன்பின்னாக மிக இலகு. அமெரிக்காவின் விமானவியல் ஆய்வு அமைப்பான நாகா சோதித்தபோது, சாதாரணப் பறத்தலிலிருந்து ஸ்டால் வரை கொண்டுபோகப் பிடியை ஒரு அங்குலத்துக்கும் குறைவாக இழுத்தாலே போதும் என்று கண்டார்கள். பக்கவாட்டிலோ நேரெதிர். வேகம் ஏறினால், விமானத்தைச் சாய்க்கும் இறக்கை நுனித் தகடுகளான ஏலிரான்கள் காற்றில் பாறையாய் இறுகிவிடும். 400 மைல் வேகத்தில் 45 பாகை சாயவே 4 விநாடி ஆயிற்று. ஏலிரானின் மேலுறை துணியாக இருந்ததால் வேகத்தில் உப்பிப்போனது ஒரு காரணம். 1941இல் உலோகத் தகடு வந்ததும் இறுக்கம் பெரிதும் குறைந்தது. ஆனால் மெல்லிய இறக்கையே முறுக்கிக்கொள்வது கடைசிவரை இருந்தது.

இதற்கு நான் செய்த ஏற்பாடு: ஜாய்ஸ்டிக்கின் அசைவை ஏலிரானின் கோணமாக எடுக்காமல், விமானியின் கை கொடுக்கும் பலமாக எடுத்தேன். ஒரு மனிதக் கைக்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் அழுத்தம் எவ்வளவோ அதற்கேற்ப அந்தப் பலம் ஏலிரானை எவ்வளவு அசைக்கும் என்று கணினி பார்த்துக்கொள்கிறது. 150 மைலில் முழுக்கத் திரும்பும். 400இல் ஜாய்ஸ்டிக்கை ஓரம் வரை தள்ளினாலும் விமானம் சோம்பலாகத்தான் சாயும். சோதித்துப் பார்த்த என் தம்பி, ஜாய்ஸ்டிக் கெட்டுப்போச்சாண்ணே என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு நிறைவாக இருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெர்லின் ப்ரொப்பெல்லர் விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுழலும், எழும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும். பின்னால் வந்த கிரிஃபன் எஞ்சின் ஸ்பிட்ஃபயர்களில் சுழற்சி எதிர்த்திசை, இழுப்பும் வலப்பக்கம். மார்க் 2 கோப்பை நகலெடுத்து மார்க் 14 செய்பவர்கள் இந்தக் குறியை மாற்ற மறந்துவிடக்கூடாது. பிரேக் கால்மிதியில் இல்லை. பிடியில் ஒரு நெம்புகோல், அடைத்துவைத்த காற்றால் இயங்குவது. எந்தப் பக்கம் சுக்கான் மிதித்திருக்கிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்குக் காற்று போகும். காற்று தீர்ந்தால் பிரேக்கும் இல்லை.

வண்ணத்தில் நான் அதிக நாள் செலவழித்ததற்குக் காரணம் வேறு. போர்க்காலத்தில் சென்னை மாகாணத்தில் திரட்டிய நிதிக்கு நன்றியாக, பிரிட்டிஷ் விமானப்படையின் மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயரோடு மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயரும் சேர்ந்தது: 79, 234, 264. முதலாவது ஹரிக்கேன் ஓட்டியது. 264 ஓட்டியது டிஃபயண்ட். முன்னால் சுடும் துப்பாக்கியே இல்லாமல், முதுகில் சுழலும் கூண்டோடு வந்து பகல் சண்டையில் கடும் இழப்பைச் சந்தித்த விமானம். 234க்கு ஸ்பிட்ஃபயர். அதன் அடையாள எழுத்துகளான ஏ, இசட் இரண்டையும் என் மாதிரியின் பக்கவாட்டில் சாம்பல் நிறத்தில் எழுதினேன். அந்த நிதியில் எத்தனை பேருடைய அணாக்கள் இருந்திருக்கும் என்று நினைத்தபடியே எழுதினேன்.

ஸ்பிட்ஃபயர் கற்றுத்தந்தது மற்ற விமானங்களுக்கும் பொருந்துமா என்று பார்க்க நண்பர் ஒருவர் தன் ஹாரியர் மாதிரியைத் தந்தார். ஹாரியர் நின்ற இடத்திலிருந்தே மேலெழும். அதன் பெகசஸ் எஞ்சின் காற்றை நான்கு முனைகள் வழியே வெளியேற்றும். அந்த முனைகளைக் கீழ்நோக்கித் திருப்பினால் விமானம் தன் மூச்சின்மேலேயே நிற்கும். இறக்கையில் காற்றோட்டம் இல்லாதபோது ஏலிரானும் சுக்கானும் பயனற்றவை. அதனால் மூக்கிலும் வாலிலும் இறக்கை நுனிகளிலும் எஞ்சின் காற்றைப் பீய்ச்சும் சிறு துளைகள் வைத்துச் சமநிலை காக்கிறார்கள். நண்பரின் மாதிரியில் இவை எல்லாம் இருந்தன. அந்தரத்தில் நிற்க அருமையாக நின்றது. பக்கவாட்டில் ஓட்டினாலும் சமர்த்தாக ஓடியது. என்னை உறுத்தியது அந்தச் சமர்த்துதான்.

அசல் ஹாரியரின் முன்கண்ணாடிக்கு வெளியே, விமானியின் கண்ணெதிரே, காற்றாடி போல ஒரு சின்னத் தகடு உண்டு. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காட்டுவது அதன் வேலை. ஒலிவேகத்தை நெருங்கிப் பறக்கும் ஜெட்டில் இத்தனை பழைய கருவி எதற்கு? பெகசஸ் விநாடிக்கு ஏறத்தாழ 200 கிலோ காற்றை விழுங்குகிறது. விமானம் பக்கவாட்டில் விநாடிக்கு 10 மீட்டர் நகர்ந்தால், அத்தனை காற்றின் பக்கவாட்டு ஓட்டத்தையும் காற்றுவாய் நிறுத்தித் தன்னோடு இழுக்க வேண்டும். 200 கிலோவை 10 மீட்டரால் பெருக்கினால் 2,000 நியூட்டன். 200 கிலோ எடைக்கு நிகரான விசை. அது செயல்படும் இடமோ எடைமையத்துக்கு முன்னால். ஆகவே மூக்கை இன்னும் விலக்கும். மெதுவாகப் போகும்போது வாலின் செங்குத்துத் தகட்டுக்கு அதை எதிர்க்க பலம் இல்லை. விலகல் விலகலை வளர்க்கும். பின்சாய்ந்த இறக்கை ஒரு பக்கம் அதிகம் தூக்கி விமானத்தைப் புரட்டிவிடும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அந்தத் தகடு அதற்கான எச்சரிக்கை.

நண்பரின் மாதிரியில் காற்று முனைகள் வழியே வெளியே போனது. உள்ளே வந்த வழி எழுதப்படவில்லை. காற்றுவாயின் இடத்தில் ஒரே ஒரு விசையைச் சேர்த்தோம்: எஞ்சின் விழுங்கும் காற்றின் அளவு, பெருக்கல் விமானத்தின் வேகம், எதிர்த்திசையில். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது 50 நாட் வேகத்தில் அவர் கொஞ்சம் பக்கவாட்டில் நழுவவிட்டார். ஹாரியர் ஒரு கணம் தயங்கி, பிறகு புரண்டு விழுந்தது. இருவரும் சற்று நேரம் பேசவில்லை. அதன்பின் அவர் கேட்ட முதல் விஷயம், கண்ணாடிக்கு வெளியே அந்தத் தகட்டை எப்படி வரைவது என்பது. அதுவரை அது அவருக்கு ஓர் அலங்காரப் பொருளாகவே இருந்திருக்கிறது.

அன்றிரவு நான் ஸ்பிட்ஃபயருக்குத் திரும்பினேன். அதே புல்வெளித் தளம், அதே வேலி. 85இல் இறங்கி வந்தேன். தரைக்கு நெருங்கி மெல்ல இழுத்துப் பிடித்தேன். முள் 75, 70 என்று இறங்கியது. இப்போது அந்த முள் பொய் சொல்கிறது என்று தெரியும். எவ்வளவு என்றும் தெரியும். 65ஐ நெருங்கும்போது பிடியில் ஒரு நடுக்கம் வந்தது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை அடியில் 2 பாகை மேல்நோக்கியும் நுனியில் அரைப் பாகை கீழ்நோக்கியும் முறுக்கி அமைந்தது. அதனால் அடிப்பகுதி முதலில் காற்றைக் கைவிடும், கலங்கிய காற்று வாலில் வந்து மோதும், நுனியில் இருக்கும் ஏலிரான் இன்னும் பேச்சைக் கேட்கும். அந்த நடுக்கம் ஓர் அறிவிப்பு. அடுத்த நொடி மூன்று சக்கரங்களும் சேர்ந்து புல்லில் உட்கார்ந்தன. வேலி வெகு தூரத்தில் இருந்தது.

நிறுத்துமிடத்துக்கு ஓட்டிப் போனேன். நீண்ட மூக்கு எதிரே எதையும் பார்க்க விடாது; இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் போக வேண்டும். பாதி வழியில் குளிர்விக்கும் நீரின் வெப்பமானி ஏற ஆரம்பித்தது. தொடக்ககால மார்க்குகளில் ரேடியேட்டர் வலது இறக்கைக்குக் கீழே மட்டும்தான். இறக்கிய சக்கரத்தின் கால் அதன் முன்னால் நின்று காற்றை மறைக்கும். அந்தக் காலை நான் முந்தைய வாரம்தான் கணக்கில் சேர்த்திருந்தேன். முள் சிவப்பைத் தொடுவதற்குள் விமானத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தி, மெர்லினை அணைத்தேன்.